வெள்ளி இரவு ஆரவாரம், ஞாயிறு காலை கொட்டாவி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு, செப்டம்பர் மாத வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினால், ஊரே காலி செய்துகொண்டு போய்விட்டதோ என்று தோன்றும். கடைவீதியில் ஆள் நடமாட்டம் இருக்காது. பெட்ரோல் பங்க்கில் ஒரே ஒருவர் கடனே என்று நின்றுகொண்டிருப்பார். ஊர் எல்லையில் மட்டும் வானத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் காரை விட்டால் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் மைதானம் வரும். மொத்த ஊரும் அங்கேதான் இருக்கும்.

இது காலால் உதைத்து கோல் போடும் நம்மூர் கால்பந்து அல்ல. ஹெல்மெட் மாட்டி, தோளில் கவசம் கட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆடுகிறவர்கள் 15, 16, 17 வயதுப் பையன்கள். பார்க்க வருகிறவர்களோ, கைக்குழந்தை முதல் ஊன்றுகோல் தாத்தா வரை. பள்ளியின் பேண்டு வாத்தியம் முழங்கும். முகத்தில் பள்ளியின் நிறத்தைப் பூசிக்கொண்டு சிறுவர்கள் கத்துவார்கள். பழைய மாணவர்களை வரவேற்கும் ‘ஹோம்கமிங்’ வாரம் வந்துவிட்டால், பெண் பிள்ளைகள் தட்டு அளவு பெரிய துணிச் சாமந்திப் பூவை, முழங்காலுக்குக் கீழே தொங்கும் ரிப்பன்களோடு சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். ஒரு ஊர்த் திருவிழாவில் என்னவெல்லாம் உண்டோ, அத்தனையும் அங்கே உண்டு.

செலவிலும் குறைவில்லை. டாலஸ் நகரத்தை ஒட்டிய ஆலன் என்ற ஊரின் பள்ளி மைதானத்தை 2012-ல் திறந்தார்கள். 18,000 பேர் உட்காரலாம். செலவு ஏறத்தாழ 6 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 300 கோடி ரூபாய்க்கும் மேல். ஊர் மக்களே வாக்களித்து ஒப்புக்கொண்ட கடன் பணம் அது. இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மைதானத்தை மூட வேண்டியதாயிற்று. அதற்காக யாரும் ஃபுட்பாலைக் கைவிடவில்லை. விரிசலைச் சரிசெய்து, 2015-ல் மறுபடி திறந்து, மறுபடி கேலரியில் போய் உட்கார்ந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை. அதே ஊர். அதே குடும்பங்கள். இடம் மட்டும் வேறு.

பாட்டுக்காக எழுந்து நிற்கிறார்கள். உதடு மட்டும் அசைகிறது. வெள்ளி இரவு தொண்டை கிழியக் கத்திய அப்பா, பிரசங்கம் 20 நிமிடத்தைத் தாண்டியதும் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்க்கிறார். கொட்டும் மழையில் மூன்று மணி நேரம் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, ஏ.சி. கொஞ்சம் அதிகம் என்று முணுமுணுக்கிறார். பையன், முன் பெஞ்சுக்குக் கீழே மறைத்து வைத்த போனில், வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

போதகர்களின் பழைய புலம்பல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. “பந்துக்குக் கொடுக்கிற உற்சாகத்தில் பாதியைக் கடவுளுக்குக் கொடுக்கக் கூடாதா?” இதைக் கேட்காத அமெரிக்கக் கிறிஸ்தவர் அநேகமாக இருக்க மாட்டார். இதையே திருப்பிப் போட்ட ஒரு நகைச்சுவையும் சபைகளில் பல காலமாகச் சுற்றிவருகிறது. சபைக்கு வராததற்கு ஜனங்கள் சொல்லும் சாக்குகளை எல்லாம் ஒருவர் மைதானத்துக்குச் சொல்லிப் பார்க்கிறார். போகும்போதெல்லாம் காசு கேட்கிறார்கள், பெஞ்சு கல் மாதிரி இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கோச் ஒருநாளும் வீடு தேடி வந்து விசாரிக்கவில்லை, அதனால் இனிமேல் மேட்ச் பார்க்கப் போகமாட்டேன் என்பார் அவர். சபையே சிரிக்கும். சிரித்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போகும்.

சிரிப்பு சரி. ஆனால் அந்தப் புலம்பல் நியாயமானதுதானா?

கிழமைகளைப் பங்கு போட்ட கதை

ஒரு காலத்தில் இந்த இரண்டுக்கும் சண்டையே இல்லை. வாரத்தின் நாட்களை அண்ணன் தம்பி சொத்துப் பிரித்துக்கொள்வதுபோல அமைதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெள்ளி இரவு பள்ளிக்கூட ஆட்டம். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம். ஞாயிறு காலை தேவாலயம். மதியத்துக்கு மேல் டி.வி.யில் தொழில்முறை வீரர்களின் ஆட்டம். செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, தொழில்முறை லீக் தன் ஆட்டங்களை டி.வி.யில் காட்டி வெள்ளி, சனிக் கூட்டத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று 1960-களிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் வேலி போட்டது. பள்ளி மைதானத்தின் வெள்ளிக்கிழமைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு.

தென் மாநிலங்களில் புதன்கிழமை சாயங்காலமும் சபைக்கு உரியது. ஜெபக் கூட்டம், வேதாகம வகுப்பு, இளைஞர் கூட்டம் எல்லாம் அன்றைக்குத்தான். பல ஊர்களில் புதன் மாலையில் கோச்சுகள் பயிற்சியைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். பதிலுக்கு, சபைகளும் பள்ளி அணியைத் தங்கள் பிள்ளைகளாகவே பார்த்தன. ஆட்டத்துக்கு முன்பு அணிக்குச் சாப்பாடு போடுவது, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ராத்திரியில் கண்ட இடத்தில் சுற்றாமல் இருக்க சபை மண்டபத்தில் பீட்சாவும் பாட்டும் வைப்பது, இதெல்லாம் இன்றும் நடக்கிறது. ஆட்டத்தில் நான்கு ‘குவார்ட்டர்’ என்பதால், அதற்குப் பிறகு சபையில் கூடுவதற்கு ‘ஐந்தாவது குவார்ட்டர்’ என்றே பெயர்.

சிக்கல் வந்தது பள்ளி அணியால் அல்ல. பள்ளிக்கு வெளியே முளைத்த கிளப் அணிகளால். பேஸ்பால், சாக்கர், வாலிபால், கூடைப்பந்து என்று எல்லாவற்றுக்கும் இப்போது பணம் கட்டிச் சேரும் கிளப்கள் இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் போய், ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு இரண்டு நாளும் ஆடும் போட்டிகள். பள்ளி அணியில் இடம் வேண்டுமென்றால் கிளப்பில் ஆடியிருக்க வேண்டும் என்ற பேச்சு பெற்றோர்களிடையே பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையின் வேலி உடைந்தது இங்கேதான். டாலஸ் பக்கம் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சனி, ஞாயிறு ஓட்டம் புதிதல்ல.

இன்னொரு பக்கம், சபையின் கூரையும் ஒழுக ஆரம்பித்திருந்தது. கேலப் நிறுவனம் 1937 முதல் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவருகிறது: தேவாலயம், யூத ஜெபாலயம், மசூதி என ஏதாவது ஒன்றில் நீங்கள் உறுப்பினரா? 1999-ல் 100-க்கு 70 பேர் ‘ஆமாம்’ என்றார்கள். 2020-ல் 47 பேர். கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து பாதிக்குக் கீழே போனது அதுவே முதல் முறை. இத்தனைக்கும் பழியைப் பந்தின் தலையில் கட்ட முடியாது. எந்த மதத்தையும் சாராதவர்கள் பெருகியது உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் காலியான பெஞ்சைப் பார்க்கும் போதகருக்கு, எதிரே நிரம்பி வழியும் மைதானம் கண்ணை உறுத்தத்தானே செய்யும்?

பவுல் பார்த்த ஓட்டப்பந்தயம்

வேடிக்கை என்னவென்றால், விசுவாசத்தையும் விளையாட்டையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியவர் ஒரு டெக்சாஸ் போதகர் அல்ல. இயேசுவின் அப்போஸ்தலரான பவுல். அவர் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்தில் ஒன்றரை வருடம் தங்கி, கூடாரம் தைக்கும் தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்தவர். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இஸ்த்மியா. ஒலிம்பிக்குக்கு இணையாகப் பேசப்பட்ட விளையாட்டுப் போட்டிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கும். ஜெயித்தவனுக்குத் தலையில் ஒரு இலைக் கிரீடம், அவ்வளவுதான். சில நாளில் வாடிவிடும் அந்த இலைக்காக ஒருவன் மாதக்கணக்கில் வாயைக் கட்டி, உடம்பை வருத்திப் பயிற்சி எடுக்கிறான்.

கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல் இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்கொள்கிறார். மைதானத்துக்குப் போகாதீர்கள் என்று அவர் அதில் திட்டவில்லை. வாடிப்போகும் கிரீடத்துக்கே அவன் அவ்வளவு பாடுபடுகிறான் என்றால், வாடாத கிரீடத்துக்கு ஓடுகிறவர்கள் எப்படி ஓட வேண்டும் என்றுதான் கேட்கிறார். அந்த உவமையில் அவர் கண்ணுக்குத் தெரிவது கேலரியில் உட்கார்ந்து கத்துகிறவன் அல்ல. வியர்க்க வியர்க்க ஓடுகிறவன். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்திலும் உறவு அறுந்துபோகவில்லை. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் உள்ளே அடைந்துகிடந்து ரகளை செய்த மாணவர்களுக்காக, பீச் பழக்கூடை இரண்டைப் பால்கனியில் அடித்து ஒரு புது ஆட்டம் கண்டுபிடித்தார். அதுதான் கூடைப்பந்து. நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். நான்கு வருடம் கழித்து வாலிபால் பிறந்ததும் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.வில்தான். அந்த அலை சென்னைக்கும் வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கும் அந்தக் கல்லூரியில் பயின்று வெளியே போன பி.டி. மாஸ்டர்களின் விசில் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். ஆக, விளையாட்டு மைதானமும் தேவாலயமும் பிறவிப் பகையாளிகள் அல்ல. ஒரே வீட்டில் கொஞ்ச காலம் வளர்ந்த பிள்ளைகள்.

மைதானத்துக்குத் தெரிந்த ரகசியம்

உற்சாகத்தைக் குறை சொல்வதற்கு முன், அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது.

வெள்ளி இரவில் அந்த மைதானத்தில் சும்மா இருக்கிறவர்கள் குறைவு. பந்து ஆடுகிறவன் ஒருவன் என்றால், தண்ணீர் பாட்டில் தூக்குகிறவன் இன்னொருவன். டிரம்பெட் ஊதும் பெண், கொடி சுழற்றும் பெண், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொள்ளும் மாணவி, ஸ்கோர் அறிவிக்கும் ஆசிரியர், பெற்றோர் சங்கத்தின் சார்பில் பாப்கார்ன் விற்கும் அம்மா, வாசலில் கார்களை ஒழுங்குபடுத்தும் மாமா. எல்லார் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. தான் இல்லாவிட்டால் இன்றைக்கு ஏதோ ஒன்று குறையும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இரண்டாவது, அந்த ஒரு இரவுக்குப் பின்னால் ஒரு வாரம் இருக்கிறது. அந்த வாரத்துக்குப் பின்னால், ஆகஸ்ட் மாத வெயிலில் புல் சூடேறும் மைதானத்தில் எடுத்த பயிற்சி இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை உழைத்தவனுக்குத்தான் வெள்ளி இனிக்கும். ஆறு நாளும் எதையும் தொடாமல் ஏழாம் நாள் மட்டும் வந்து உட்கார்ந்தால், ஃபுட்பால்கூட போரடிக்கத்தான் செய்யும்.

மூன்றாவது, ஒரு நாள் பயிற்சிக்கு வராவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. “ஏன்டா வரலை?” என்று கோச் அன்று இரவே போன் செய்வார். கோபமாகத்தான் கேட்பார். ஆனால் கேட்கிறார். சபைக்கு மூன்று வாரம் வராத ஒரு 16 வயதுப் பையனை, எத்தனை சபையில் யார் போன் செய்து கேட்கிறார்கள்?

இப்படிப் பார்த்தால் போதகரின் புலம்பல் கொஞ்சம் திரும்பிப் போதகரையே பார்க்கிறது. அவர் கேட்டது உற்சாகம். பிள்ளைகள் மைதானத்தில் கண்டதோ அதைவிட எளிமையான ஒன்று: ஒரு இடம், ஒரு வேலை, ஒரு விசாரிப்பு. இந்த மூன்றையும் கொடுக்கும் சிறிய சபைகளும் இருக்கின்றன. அங்கே ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிற, மைக் செட் பார்க்கிற, முதியவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகள் கொட்டாவி விடுவதில்லை. அவர்களுக்கு அதற்கு நேரமில்லை.

விளக்கு அணைந்த பிறகு

ஆனால் மைதானத்தால் செய்ய முடியாத காரியங்களும் உண்டு.

அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி அணிகளில் ஃபுட்பால் ஆடுகிறார்கள். அதில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் 100-க்கு ஏழு பேர் அளவில்தான். மற்றவர்களுக்கு, கடைசி வருடத்துக் கடைசி ஆட்டத்தோடு 17 அல்லது 18 வயதில் எல்லாம் முடிந்துவிடும். அன்று இரவு ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அழும் பையன்கள் அநேகம். அடுத்த வருடம் அதே எண் போட்ட சட்டையை வேறொருவன் போட்டிருப்பான். கேலரி அவன் பெயரைக் கத்தும்.

டெக்சாஸின் எண்ணெய் வயல்களுக்கு நடுவில் இருக்கிறது ஒடெஸா. அந்த ஊரின் பெர்மியன் உயர்நிலைப் பள்ளி அணியோடு 1988-ல் ஒரு சீசன் முழுக்கச் சுற்றினார் பத்திரிகையாளர் எச்.ஜி.பிஸிங்கர். அதை வைத்து 1990-ல் அவர் எழுதிய ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’, பிறகு சினிமாவாகவும் டி.வி. தொடராகவும் வந்தது. ஊர் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு நட்சத்திர வீரனுக்கு, சீசன் தொடங்கும் முன்பே ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. அதோடு அவனது கல்லூரிக் கனவும் போயிற்று. நேற்றுவரை அவனைத் தலையில் வைத்து ஆடிய ஊருக்கு, அவனைத் தாண்டிப் போக அதிக நாள் பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களில் பலர் அந்தப் புத்தகத்தின்மேல் கோபப்பட்டார்கள். கண்ணாடியைக் காட்டினால் சில நேரம் அப்படித்தான்.

கேலரியின் அன்பு பொய் அல்ல. ஆனால் அது நிபந்தனை உள்ள அன்பு. நீ ஓடும் வரைக்கும்தான். பெஞ்சில் உட்கார்ந்தே நான்கு வருடத்தையும் கழித்த பையனுக்கு அந்த ஆரவாரத்தில் பங்கு மிகக் குறைவு. விசுவாசம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இதற்கு நேர் எதிரானது: முழங்கால் போனவனுக்கும், ஒரு பந்தைக்கூடத் தொடாதவனுக்கும் இங்கே இடம் உண்டு என்கிறது. பந்தயத்தில் ஒருவனுக்குத்தான் கிரீடம். பவுல் சொல்லும் ஓட்டத்தில், ஓடி முடிக்கிற எல்லாருக்கும்.

அப்படியானால், மைதானத்து ஆரவாரத்தை அளவுகோலாக வைத்து பக்தியை அளப்பதே தப்பு. சத்தத்தால் அளக்கும் சமாச்சாரம் அல்ல அது. மருத்துவமனை வராந்தாவில், இரவு இரண்டு மணிக்கு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் செய்யும் ஜெபத்துக்கு பேண்டு வாத்தியம் கிடையாது. ஸ்கோர் போர்டும் கிடையாது.

மைதானத்தின் நடுவில் ஒரு ஜெபம்

இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் என்ன? உற்சாகம் மைதானத்தில் இருக்கிறது, பக்தியையும் அங்கேயே கொண்டுபோனால் ஆயிற்று என்று நினைத்தவர்களும் உண்டு. அது இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

டெக்சாஸில் சாண்டா ஃபே என்ற ஊரில், ஒவ்வொரு ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்பும் ஒரு மாணவர் ஒலிபெருக்கியில் ஜெபம் செய்வது வழக்கம். அதை எதிர்த்து வழக்குப் போட்டது நாத்திகர்கள் அல்ல. ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் ஒரு மார்மன் குடும்பமும். பள்ளியின் மைக்கில், பள்ளியின் விழாவில் ஜெபம் நடந்தால், அது பள்ளியே ஒரு மதத்துக்குப் போடும் முத்திரை ஆகிவிடும் என்று 2000-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

22 வருடம் கழித்து, வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டனில் பள்ளிக் கோச்சாக இருந்த ஜோசப் கென்னடியின் வழக்கு. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டு ஜெபிப்பது அவர் பழக்கம். நாளடைவில் மாணவர்களும் சுற்றி நின்றார்கள். பள்ளி நிர்வாகம் தடுத்தது. இந்த முறையும் ஆறுக்கு மூன்று. ஆனால் தீர்ப்பு கோச் பக்கம். அது அவருடைய தனிப்பட்ட ஜெபம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். மாறுபட்ட நீதிபதிகள் மூவரும், கோச் மண்டியிடும்போது மாணவர்கள் மேல் விழும் அழுத்தத்தைச் சுட்டிக்காட்டினார்கள்.

சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், குடும்பங்கள் யோசிக்க வேண்டிய இடம் அந்த அழுத்தம்தான். யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்கிறவர் கோச். அவர் மண்டியிடும்போது பக்கத்தில் போய் மண்டியிடும் பையன், கடவுளைப் பார்த்து மண்டியிடுகிறானா, கோச்சைப் பார்த்தா? அது அவனுக்கே தெரியாமல் போகலாம். ஊர் பார்க்கத் தெருமுனையில் நின்று ஜெபிக்க விரும்புகிறவர்களை இயேசு கண்டித்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னதாகத்தான் சுவிசேஷம் சொல்கிறது. கூட்டத்தின் உற்சாகத்தைக் கடன் வாங்கினால் பக்தி வளர்ந்ததுபோலத் தெரியும். கூட்டம் கலைந்ததும் கடனைத் திருப்பிக் கேட்கும்.

ஞாயிறு ஓடாதவர்

இந்தப் பேச்சில் எப்போதும் ஒரு பெயர் வந்துவிடும்: எரிக் லிடெல். ஸ்காட்லாந்து மிஷனரிக் குடும்பத்தில், சீனாவின் டியன்ஜின் நகரில் 1902-ல் பிறந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டனின் பெரிய நம்பிக்கை அவர். ஆனால் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும், ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிறு கடவுளின் நாள். நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பேச்சுகூட எழுந்தது. அவர் மாறவில்லை. 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, ஜூலை 11, வெள்ளிக்கிழமை, ஓரத்துத் தடத்தில் ஓடி, 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். 1981-ல் வந்து ஆஸ்கர் வென்ற ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

பிரசங்கங்களில் கதை அநேகமாக இங்கேயே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்காதவருக்குக் கடவுள் தங்கம் கொடுத்தார் பாருங்கள் என்று. ஆனால் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

மறு வருடமே லிடெல் புகழை எல்லாம் விட்டுவிட்டுச் சீனாவுக்குத் திரும்பினார். டியன்ஜினில் ஒரு கல்லூரியில் அறிவியல் பாடம் எடுத்தார், பையன்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல் ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் என்ற இடத்தில் இருந்த முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்து வந்த மிஷனரிப் பள்ளிக் குழந்தைகள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அவர் ‘எரிக் அங்கிள்’. பாடம் நடத்தினார். உடைந்த ஹாக்கி மட்டைகளை ஒட்டித் தந்தார். ஆட்டங்களுக்கு நடுவராக நின்றார், ஞாயிறு தவிர.

அந்த முகாமில் ஞாயிற்றுக்கிழமை என்பது அந்தப் பிள்ளைகளுக்கு மிக நீளமான நாள். ஒரு ஞாயிறு அவர்கள் நடுவர் இல்லாமலேயே ஹாக்கி ஆடினார்கள். ஆட்டம் அடிதடியில் முடிந்தது. லிடெலுக்கு இது தெரிந்தது. அடுத்த ஞாயிறு, மைதானத்துக்கு நடுவர் வந்தார். எரிக் அங்கிள்தான்.

தங்கப் பதக்கத்துக்காகவும் நாட்டுக்காகவும் அசையாத மனிதர், சண்டை போடும் சில பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் போய் நின்றார். 1945 பிப்ரவரி 21 அன்று, முகாம் விடுதலையாக ஆறு மாதம் இருக்கும்போது, மூளைக் கட்டியால் இறந்தார். வயது 43.

அவர் கொள்கையை விட்டுவிட்டாரா? இல்லை. பாரிஸில் ஓடாமல் இருந்ததற்கும், வெய்ஷியனில் போய் நின்றதற்கும் காரணம் ஒன்றுதான். அந்த நாள் தனக்கானது அல்ல என்று அவர் நினைத்தார். பாரிஸில் ஓடியிருந்தால் பதக்கம் அவருக்கு. வெய்ஷியனில் நின்றதால் அவருக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்குத்தான் எல்லாம்.

இந்த வாரமும் எங்கேயோ ஒரு வீட்டில், சனிக்கிழமை ராத்திரி, இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். நாளைக் காலை எட்டு மணிக்கு மேட்ச். ஆராதனையும் அதே நேரம். பையன் ஷூவைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டான். பாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, உனக்கு எதில் உற்சாகம் அதிகம் என்பது அல்ல. அதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு நீ போகிற இடத்தில் யாருக்காகப் போகிறாய் என்பதுதான்.

அந்தக் கேள்வியை மைதானத்துக்குப் போகும் பையனிடம் மட்டும் கேட்டால் போதாது. பழக்க தோஷத்தில் தேவாலயத்துக்குப் போய், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நேரம் பார்க்கும் அப்பாவிடமும் கேட்க வேண்டும்.